ஒன்றரை மணி நேரம்

ஷார்ஜாவிலிருந்து கோயம்புத்தூர்
வளைந்த பூமியின் மேல் நூல் பிடித்தால்
இரண்டாயிரத்து எழுநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்.
ரோலாவில், செல்போன் கடைக்கும் சலூனுக்கும் நடுவில்
ஏழு வருடமாக நான் விற்பது இந்த நூலைத்தான்.
பண்டிகைக்கு ஒரு விலை,
பள்ளி திறந்த பின் ஒரு விலை.

நாச்சிமுத்து சாரம் கட்டுபவர்.
என் கண்ணாடி மேசை அழுக்காகிவிடும் என்று
கையைக் கட்டிக்கொண்டே நின்றார்.
"போக எவ்வளவு நேரமுங்க?"
மூன்று மணி ஐம்பது நிமிடம்.
"வர?"
நாலு மணி பத்து நிமிடம்.
"அதே தூரந்தானுங்களே?"
எதிர்க்காற்று, என்றேன்.
மேற்கே வரும்போது நெஞ்சில் கை வைத்துத் தள்ளும்.
தலையாட்டிக்கொண்டார்.
முப்பதாவது மாடிக்கு வெளிப்புறம் நிற்கிறவருக்கு
காற்றைப் பற்றி நான் பாடம் எடுத்திருக்கிறேன்.

அச்சடித்த தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
இரவு பத்துக்கு ஏறினால் மூன்று இருபதுக்கு இறக்கம்.
மறுநாள் விடியாத நாலு பத்துக்கு ஏறினால்
ஆறு ஐம்பதுக்கே இங்கே.
"காயிதத்துல பாத்தா போறதுதானுங்க நீளமா இருக்குது."
கடிகார வித்தியாசம் அண்ணா.
போகும்போது ஒன்றரை மணி நேரம் பிடித்துக்கொள்வார்கள்,
திரும்பி வந்தால் கொடுத்துவிடுவார்கள்.
எல்லோரிடமும் சொல்கிற வேடிக்கை.
எல்லோரும் சிரிப்பார்கள்.
"திரும்பி வராதவங்களுக்கு?"

ஏப்ரலிலும் இப்படித்தான்,
போய் மறுநாளே திரும்பும் டிக்கெட்.
அன்றும் கைப்பை மட்டும்.
முப்பது கிலோ சும்மா வருகிறதே,
பால்பவுடர், சோப்பு, ஏதாவது போடுங்களேன் என்றேன்.
"கோர்ட்டுக்கு எதுக்குங்க அதெல்லாம்."

ஆறு மாதம் யோசித்துவிட்டு வரச் சொன்னாராம் நீதிபதி.
"யோசிச்சாச்சுங்க.
அவளும் யோசிச்சுட்டாளாமா."

பதினோரு மணிக்குத் திருப்பூரில் கையெழுத்து.
அதற்கப்புறம் விமானம் வரை பதினேழு மணி நேரம்.
அதை எந்த பெஞ்சில் உட்கார்ந்து கழிப்பார் என்று
என் கணினியில் கட்டம் கிடையாது.
ஜன்னலா நடைவழியா, அது மட்டும் கேட்கும்.

"போறப்ப நடைவழிங்க. சட்டுனு எறங்கோணும்."
வரும்போது?
வெளியே ஏசித் தண்ணீர் வாளியில் சொட்டியது,
நிறைந்து வழியத் தொடங்கியிருந்தது.
"சன்னல் இருந்தாப் போடுங்க."

போட்டேன். பன்னிரண்டு ஏ.
பின்னாலிருந்து துரத்தி வரும் விடியல்
அரபிக்கடலுக்கு மேல் எங்கோ எட்டிப் பிடிக்கும் இருக்கை.
எதிர்க்காற்றின் அந்த இருபது நிமிடத்துக்குத்
தனிக் கட்டணம் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.
பாக்கித் திர்ஹாம்களை அவர்
இரண்டாவது முறையாக எண்ணிக்கொண்டிருந்தார்.