ஒரு சாண்

டிசம்பர் ஆறு. நாட்டின் பிறந்தநாள்.
கயானி நகரில் இரண்டரை மணிக்கே இருட்டிவிடும்.
ஆறு மணிக்கு
ஜன்னலுக்கு இரண்டாக மெழுகுவத்திகள் ஏறின.
தெரு முழுக்க அவ்வளவு அழகு.
எனக்கு மட்டும்
ஒவ்வொரு ஜன்னலிலும் முதலில் திரைதான் தெரிகிறது.
பதினோரு வருடத் தீயணைப்பு வேலை
கண்ணை அப்படி ஆக்கிவிட்டது.

எட்டு நாற்பதுக்கு அழைப்பு.
மூன்றாம் மாடி, பேருந்து ஓட்டுநர் வெய்க்கோ வீடு.
அடித்தளத்துச் சவுனாவில் அவருடைய முறை எட்டரைக்கு.
சுடரை விட்டுவிட்டுப் போயிருக்கிறார்.
நாங்கள் போனபோது பனியில்
குளியல் அங்கியும் ரப்பர் செருப்புமாக நின்று
"பத்து நிமிஷம்தான், பத்தே நிமிஷம்" என்று
யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டிருந்தார்.
அவர் தலையிலிருந்து ஆவி எழுந்தது.
புகையென்று நினைத்து
ஒரு கணம் அவரை நோக்கி ஓடினேன்.

திரை போயிற்று. சோபா போயிற்று.
காய்ந்த பைன் கிளையில் அவர் மகள் கட்டிய வளையம்
கம்பி மட்டும் மிஞ்சிக் கிடந்தது.
ஆளுக்கு ஒன்றுமில்லை.
அறிக்கையில் அதை முதல் வரியாக எழுதினேன்.

பதினொன்றரைக்கு என் தெரு.
எல்லா ஜன்னலும் இருட்டு, ஒன்றைத் தவிர.
அது என் வீடு.

தூமாஸ் சாய்வுநாற்காலியில் தூங்குகிறான்,
மடியில் கிதார், வாய் திறந்தபடி.
மெழுகுவத்திகள் கட்டைவிரல் அளவுக்கு இறங்கியிருந்தன.
அடியில் தட்டு இல்லை,
நீலச் சிலுவைக்கொடி அச்சிட்ட காகிதக் கைத்துண்டு.
ஜன்னல் இறுக மூடியிருந்தும் திரை அசைந்தது.
கீழே ஹீட்டர். அதன் சூடு மேலேறும்போதெல்லாம்
துணி மூச்சுவிடுகிறது.
கையை விரித்து வைத்துப் பார்த்தேன்:
உள்ளிழுக்கும்போது ஒரு சாண்,
வெளிவிடும்போது நாலு விரல்.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு
ஒரு மீட்டர் என்று சொல்லிவிட்டு வந்தது
போன செவ்வாய்க்கிழமை.

ஊதவில்லை. ஊதினால் மெழுகு தெறிக்கும்.
ஜாடி மூடியால் ஒவ்வொன்றாக மூடி அணைத்தேன்,
திரியின் சிவப்புப் புள்ளி கறுக்கும்வரை நின்றேன்.
அவனை அணைக்கவில்லை.
என் உடம்பெல்லாம் வெய்க்கோ வீட்டுப் புகை.

பிறகு, பழக்கத்தில், அண்ணாந்து பார்த்தேன்.
புகை எச்சரிப்பானின் மூடி லேசாகத் திறந்திருந்தது.
உள்ளே பேட்டரி இல்லை.
தேட வேண்டியிருக்கவில்லை.
தரையில் அவன் கிதாரோடு இணைத்த சின்னப் பெட்டியில்
பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

பிடுங்கினேன். நாற்காலி போட்டு ஏறினேன். பொருத்தினேன்.
மணி பதினொன்று ஐம்பது என்று தெரியும்.
தெரிந்துதான் பொத்தானை அழுத்தினேன்.

கிதார் தரையில் விழுந்து எல்லாத் தந்திகளும் ஒன்றாகக் கத்தின.
"எங்கே? எங்கே எரியுது?" என்றான்.
நாற்காலி மேல் நின்றபடி, விரலை எடுக்காமல்,
"எங்கேயும் இல்லை" என்றேன்.

மேல்வீட்டுக்காரர்கள்
துடைப்பக் கட்டையால் தரையை இடித்தார்கள்,
ஒன்று, இரண்டு, மூன்று.
கோபம்தான். இருக்கட்டும்.
எழுந்துவிட்டார்கள்.
மூன்று பேரும் இருக்கிறார்கள்.