வேறு முகாம்

நவம்பர் இரண்டு, சகல ஆத்துமாக்களின் நாள்.
திராய்மடுக் கோவில் வாசலில்
பிளாஸ்டிக் மேசை, நீலப் பேனை,
இறந்தவர் பெயர் எழுதும் கோடிட்ட கொப்பி.
இந்த வருசமும் எழுத்து என்னுடையதுதான்.
வடிவான எழுத்து என்பார் சுவாமி.

கடல் வந்து போன கிழமை
பள்ளிக்கூட மண்டபத்தில்
கூடாரப் பட்டியல் எழுதியதும் இதே எழுத்துத்தான்.
வந்தது இருநூற்றுப் பதினாலு கூடாரம்.
பொனிப்பாசின் பெண்சாதி எமில்டா
வயிற்றுப் பிள்ளையோடு கியூவில் நின்றாள்.
பொனிப்பாஸ் கடலோடு போயிருந்தான்,
என் வள்ளத்து எஞ்சினுக்குத் தரவேண்டிய காசைத் தராமலே.
அவள் பெயருக்கு நேரே எழுதினேன்:
"வேறு முகாம்."
இரண்டே சொல். எவரும் விசாரிக்கவில்லை.
கடைசிக் கூடாரம் என் மச்சானுக்குப் போனது.
மறுகா மழை பிடித்தது. விடவேயில்லை.

பொதுத்தீர்வை பற்றி ஞானோபதேசத்தில் படித்தபோது
மேகம் பிளந்து ஒரு சிங்காசனம் கண்டேன்,
வலப்புறம் செம்மறி, இடப்புறம் வெள்ளாடு.
வாவிக்கு மேலே,
கல்லடிப் பாலத்திலிருந்து அண்ணாந்தால் தெரியும் உயரத்தில்
அது நடக்குமென்று நம்பிய வயசு.

எக்காளம் ஏதும் ஊதவில்லை இன்று.
ஒழுங்கைக்குள் பாண் ஓட்டோவின் பாட்டு மட்டும்.
எமில்டா வந்து முன்னே நின்றாள்.
தலை நரைத்திருந்தது. நூறு ரூபாய்த் தாளை
நாலாக மடித்து வைத்திருந்தாள்.

"எழுதுங்க தம்பி. பொனிப்பாஸ். டிலக்சன். றெஜினா.
மறுகா ஒண்டு இரிக்கி.
தை பதினேழு பிறந்த, பத்தொன்பது போயிற்று.
மரத்துக்குக் கீழ, நனைஞ்சு கிடந்த இடத்தில.
பேர் வைக்கல்ல.
பேரில்லாம எழுத ஏலுமா?"

பேனையில் மை இருந்தது.
கோடு காலியாகக் கிடந்தது.
அங்கே, அந்த நாளில் திறக்கப்படும் புத்தகத்தில்
அந்தப் பிள்ளைக்கு ஒரு பெயர் இருக்கும்.
என் பெயரும் இருக்கும்.
அதற்கு நேரே, என்னுடைய வடிவான எழுத்திலேயே,
"வேறு முகாம்."

இருபது வருசப் பாவசங்கீர்த்தனத்தில்
சில்லறை எல்லாம் கொட்டியிருக்கிறேன்:
கோபம், கள், பூசை தவறியது.
இதை மட்டும் சொன்னதில்லை.
சொல்லியிருந்தாலும்
கம்பி வலைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் சுவாமி.
மழையில் நனைந்தவர் அவரல்ல.

கதிரையை இழுத்துப் போட்டேன்.
"ஒருக்கா இரிங்க அக்கா."
மிச்சக் காசு தரப்போகிறேன் என்று நினைத்து
வேண்டாமென்று கையசைத்தபடி
அவள் இருந்தாள்.
பின்னால் கியூ நீண்டுகொண்டிருந்தது.