மங்கலாக எடுத்திருக்கலாம்

ரிச்சி தெருவில் முப்பது ரூபாய்,
செத்த சிடி பிளேயரின் கண்.
ரப்பர் பேண்ட் போட்டு
போனில் கட்டினேன்.
தண்ணீர் கேனை அறுத்துக் கூடாரம்,
ஸ்வீட் கடை பட்டர் பேப்பரில்
வடிகட்டிய டியூப்லைட்.

கோடம்பாக்கத்தில் வீடு.
ரயில் போனால் மேஜை நடுங்கும்.
தாம்பரம் வண்டி கடந்து
பீச் வண்டி வருமுன்
மூச்சடக்கி ஒரு க்ளிக்.

பதினேழாவதில் சிக்கினாள்
ராணி தலை வெள்ளி ரூபாய்,
கொண்டையில் ஒவ்வோர் இழையும்.
கன்னத்தில்
ஊசிமுனைக் கொப்புளங்கள்.
அச்சில் அடித்ததல்ல,
வார்த்தது.

சௌகார்பேட்டை கிஷோர்மல்
மூவாயிரம் என்றிருந்தார்,
‘படம் மட்டும் தெளிவா அனுப்பு.’

அனுப்பவில்லை.
அழிக்கவும் மனமில்லை,
அப்படியொரு தெளிவு.

பீச் வண்டி வந்தது.
போலிக்கும் அதே நடுக்கம்.