ஒண்ணுக்குப் பன்னெண்டு

சென்ட்ரிங் வேலை என்றது.
கான்கிரீட் இறுகற வரைக்கும் தாங்கிக்கிட்டு
அப்புறம் கழட்டிக்கிட்டுப் போயிடற வேலை.

காங்கேயம் சமுதாயக்கூடத்துக்குச் சாய்தளம் வேணும்னு
சாமியப்பண்ணன் போன் போட்டப்ப
வாசப்படிக்குன்னு நெனச்சுட்டுத்தான் போனேன்.
வாசலுக்கு ஏற்கெனவே இருந்துது.
நீலப் பெயிண்ட் கைப்பிடி,
கல்வெட்டுல ஆறு பேரு.

"மேடைக்குங்க" என்றா
சக்கர நாற்காலியில இருந்த கோகிலவாணி.

அவங்களுக்கு முன்வரிசையில எடம் விட்டிருக்கோம்,
மாலை போட்டு மரியாதை பண்றோம் என்றாரு அண்ணன்.
"பாக்கறதுக்கு வீட்டுல டிவி இருக்குதுங்க.
நான் கும்மியடிக்க வந்தனுங்க."

மேடை ரெண்டரை அடி.
என்ற கைக்குத் தெரிஞ்ச கணக்கு
அரிசி மில்லுல லாரிக்கு மூட்டை ஏத்தற பலகைக் கணக்கு.
எட்டடி. அடிச்சு நிறுத்திட்டேன், ஒரு மணி நேரத்துல.
பாதி ஏறினா. நின்னா.
சக்கரம் பின்னால வழுக்க, நான் பிடிச்சுக்கிட்டேன்.
"மூட்டைக்குத் தள்ள ஆள் இருக்குமுங்க" என்றா,
வேற ஒண்ணும் சொல்லல.

அன்னிக்கு ராத்திரி எல்லாரும் போனதுக்கப்புறம்
அந்த நாற்காலியைக் கேட்டு வாங்கி நானே உக்காந்தேன்.
முப்பது வருசம் சாரத்துல ஏறின தோள்.
எட்டடிப் பலகையில மூணாவது அடி தாண்டல.

ஒண்ணுக்குப் பன்னெண்டு.
ஒரு அடி உசரத்துக்குப் பன்னெண்டு அடி நீளம்.
அவதான் சொன்னா, தபாலாபீஸ்ல, பேங்க்ல,
தாலுக்காபீஸ்ல எங்கயும் இல்லாத கணக்கு
அவளுக்கு மனப்பாடம்.
ரெண்டரை அடிக்கு முப்பது.
முப்பதுன்னா முன்வரிசை சோபா ஆறும் போவோணும்.

சோபாவுக்குத்தான் சண்டை, மூணு நாளு.
யாரு யாரு உக்காருவாங்கன்னு
பத்திரிகையில அடிச்சாச்சு.

அதுக்குள்ள பழக்கம் நடந்துட்டிருந்துது.
மொதல்ல பள்ளிக்கூடத்து மைதானம்,
ஜல்லியில சக்கரம் பொதைஞ்சுது.
பொறகு யாரோ தேங்காக் களத்தைக் குடுத்தாங்க.
பொழுதோட பருப்பை அள்ளிக் கூட்டிட்டா
களம் முச்சூடும் சிமெண்டு,
கொப்பரை வாசத்தோட சூடு.
அவ சக்கரம் அங்க போன வேகத்தைப் பாத்து
மத்த பொம்பளைங்க சித்தெ ஒதுங்கினாங்க,
அப்புறம் ஒதுங்கறதை மறந்துட்டாங்க.

வாத்தியாரம்மா "காலை மாத்து" என்பாங்க,
நாக்கைக் கடிச்சுக்குவாங்க.
பத்தாம் நாள் "அரைச் சுத்து" என்றாங்க.
அதுக்குக் காலுள்ளவங்களும் திரும்பினாங்க,
சக்கரமும் திரும்புச்சு.
காது கேக்காத தாரணீஷுக்கு
எதிர் வரிசையில எடம் மாத்திக் குடுத்தாங்க.
அவன் கோகிலவாணி கையைப் பாத்துத் தட்டுவான்.
அவ தப்பினா அவனும் தப்புவான்,
ரெண்டு பேரும் சிரிப்பாங்க,
நூத்திப்பத்துப் பேரோட தாளமும் கெட்டுப்போவும்.

சோபா ரெண்டு போச்சு. நாலு இருந்துது.
அதனால பலகையை நடுவுல மடிச்சேன்,
பதினஞ்சு, திரும்ப அஞ்சடி தட்டு, பொறகு பதினஞ்சு.
விழா அன்னிக்கு
அவ ஏறினது எனக்கு மட்டுந்தான் தெரியும்.
மத்தவங்க கண்ணெல்லாம் திரையில இருந்துது.
ஆணி ஒண்ணுகூடக் கிறீச்சுங்கல.
கும்மி நல்லா இருந்துதான்னு கேக்காதீங்க,
கும்மி முடியறவரைக்கும்
நான் பலகைக்கடியில முட்டைப் பிடிச்சுட்டு உக்காந்திருந்தேன்.

விடிஞ்சா சிவன்மலைப் பக்கம் ஒரு கூரை ஊத்தறாங்க.
ராவோட ராவாக் கழட்டோணும்.
"அடுத்த வருசத்துக்கு எடுத்து வெய்யி" என்றாரு அண்ணன்.
பலகை எடுத்து வெக்கற சாமான் இல்லீங்க,
சிமெண்டுல போட்டுருங்க என்றேன்.
"பாக்கலாம்."

சாக்பீஸ்ல கோடு போட்டா
காலையில கூட்டறவங்க அழிச்சுருவாங்க.
சாய்தளம் தொடங்கின எடத்துல
தரையில ஒரு கான்கிரீட் ஆணி அடிச்சேன்,
தலை மட்டும் தெரியற மாதிரி.
சோபா போடறவங்க காலுல தட்டட்டும்.