பத்துக்கு எத்தனை

பெட்டியின் மேல் எழுதியிருந்தது:
புயலுக்குள் நின்று பேசினாலும்
படுக்கையறைப் பேச்சாய்க் கேட்கும்.
அதை அச்சடித்தவன்
சுபுட் பக்கம் வந்தவனில்லை.
எங்கள் காற்று அவனுக்குத் தெரியாது.
நிறுத்திய லாரியின் கதவை
அஜாக்கிரதையாய்த் திறந்தால்
கீலோடு பிடுங்கிக்கொண்டு போகும்.
கோழிகள்கூட இங்கே
ஒரு பக்கம் சாய்ந்துதான் நடக்கும்.

அந்தக் காற்றில் என் லாரி.
வலக்கதவின் ரப்பர் போய் ஆறு வருடம்.
கியர்க் கம்பிக்கு அடியில் ஓர் ஓட்டை,
அது வழியே சாலை ஓடுவது தெரியும்.
பின்னால் பதினெட்டு டன் கம்பளி,
மேலே தார்ப்பாய்,
வாங்கிய கடனைக் கேட்கிறவன்போல்
தட்டிக்கொண்டே வரும்.

போன வாரம்
"கம்பளி ஏற்றியாயிற்று" என்றேன் போனில்.
"கம்பி எண்ணுகிறாயா? எந்த ஸ்டேஷனில்?"
அலறினாள் நெலிதா.
மறுநாளே இதை வாங்கிவிட்டாள்.
ஒற்றைக் காதுக்கு. கறுப்பு.
வாயருகே ஈர்க்குச்சி நீளத்தில் மைக்,
நுனியில் பஞ்சுக் குல்லாய்.

பாசோ தே இந்தியோஸ் தாண்டிக்
கொஞ்ச தூரம்தான் சிக்னல்.
அதற்குள் சோதனையை முடிக்க வேண்டும்.
அவள் கெய்மனில், சமையல் மேசைமுன்,
கையில் பென்சில்,
மார்க் போட மின்சார பில்லின் முதுகு.

ஜன்னல் மூடி, எண்பதில்.
"ஒன்று, இரண்டு, ஆடு, மாடு" என்றேன்.
"ஒன்பது. ஆட்டுக்கு மட்டும் ஜலதோஷம்."
சாலை வேலை நடக்கும் இடத்தில் சரளைக்கல்.
அடிவயிற்றில் தகரக் கச்சேரி.
"எட்டு. உனக்குப் பல் தந்தியடிக்கிறது."
ஜன்னல் பாதி.
எண்ணெய் டேங்கர் ஒன்று
உறுமிக்கொண்டு எதிரே கடந்தது.
"யார் அங்கே பெருமூச்சு விட்டது?" என்றாள்.
அவ்வளவுதான் மிஞ்சியிருந்தது
நாற்பது டன்னில்.

ஜன்னல் முழுக்க.
காற்று தலைமயிரைப் பிடித்து உலுக்கியது.
மாத்தே குவளை டாஷ்போர்டிலிருந்து குதித்தது.
என் குரல் எனக்கே கேட்கவில்லை.
"பேசு," என்றாள், "ஏதாவது நீளமாய்."

சொல்பவனுக்கே கேட்காதது
சொன்னதாகுமா?
அந்தத் தைரியத்தில் வந்துவிட்டது:
கூரைக்கென்று வைத்த பணம் வங்கியில் இல்லை,
ஃபெர்மினுக்குக் கொடுத்துவிட்டேன்,
பிப்ரவரியில், அவன் படகின் இஞ்சினுக்கு,
திருப்பித் தருவான் என்று எனக்கே நம்பிக்கையில்லை,
மழை வந்து நீ வாளி வைக்கும்போதெல்லாம்
லாரியில் ஏதோ பழுது பார்ப்பதுபோல்
வெளியே போய் நின்றுகொள்கிறேன்.

பென்சில் தாளில் உரசியது கேட்டது.
"பத்து," என்றாள்.
"பத்துக்குப் பத்து."

அப்புறம் ஒன்றுமில்லை.
நல்ல ஹெட்செட்தான்.
அடுப்பில் கெட்டில் முனகுவதும்
அவள் முனகாததும்
தனித்தனியாய் விழுந்தன காதில்.

"ஜன்னலை மூடு," என்றாள் கடைசியில்.
"இப்போது என் முறை.
நானும் ஒன்று நீளமாய்ச் சொல்கிறேன்,
நீ மார்க் போடு."
மூடினேன்.
மேட்டில் மூன்று குவானாக்கோ
மேய்வதை நிறுத்திப் பார்த்தன.
"பெலார்மினோ, நீ வீட்டில் இல்லாத..."

இணைப்பு துண்டிக்கப்பட்டது, என்றாள்
காதுக்குள் இன்னொருத்தி,
மிகத் தெளிவாக,
இம்மி காற்றுகூட இல்லாமல்.

அடுத்த சிக்னலுக்கு
நூற்றறுபது கிலோமீட்டராவது இருக்கும்.
காதிலிருந்து கழற்றவில்லை.
வலக்கதவு விசிலடிக்கிறது.
தார்ப்பாய் தட்டுகிறது.
"நீ வீட்டில் இல்லாத" என்பதற்குப் பின்னால்
ஒவ்வொன்றாய் வைத்துப் பார்க்கிறேன்:
இரவு.
வாரம்.
இருபது வருடம்.
எதற்கும் மார்க் போட வரவில்லை.