பள்ளத்துச் சுவர்

விக்டோரியா மாநிலத்தில் ஒரு யூகலிப்டஸ் சரிவு.
சாலையிலிருந்து பார்த்தால் இடுப்பளவுதான் சுவர்.
ஞாயிறுகளில் ஊர்க்காரர்கள் அதில் சாய்ந்து
உள்ளே உலவுகிறவர்களை வேடிக்கை பார்த்தார்களாம்.

அளவுநாடாவை உட்புறம் இறக்கினேன்.
பதினோரடி.
கழுத்துவரை புதைந்து
பள்ளத்தில் நிற்கிறது சுவர்.
உள்ளிருந்தவர்களுக்கு ஒரு கல்வரிசை மட்டும் தெரியும்,
அதற்கு மேல் ஆடுகள், மீதி வானம்.
வரைபடத்தின் ஓரத்தில் யாரோ
‘கருணை’ என்று எழுதியிருக்கிறார்கள்.

இப்படிப்பட்ட சுவருக்குக் கட்டடக்காரர்கள் வைத்த பெயர்
ஹாஹா.
நான் இட்டுக்கட்டவில்லை.

1874, பதிவேடு, சலவைப் பிரிவு:
ஹொனோரா க்வில்டி, வயது முப்பத்தொன்று,
மூன்றாம் பிரசவத்துக்குப் பின்
‘காரணமின்றிச் சிரிக்கிறாள்.’
இருபத்தாறு வருடம் அதே கையெழுத்து,
மை மட்டும் மாறுகிறது.
கடைசி வரி:
‘இப்போது சிரிப்பதில்லை. குணம் தெரிகிறது.’
யாரும் வந்து அழைத்துப்போனதாகக் குறிப்பில்லை.

அடுத்த வருடம் இங்கே அடுக்குமாடி வீடுகள்.
விற்பனையாளர் ட்ராய் கைப்பேசியில் கேட்கிறார்:
சுவரை இடிப்பதா, பள்ளத்தை மூடுவதா,
எது மலிவு?

பள்ளத்தில் மழைத் தண்ணீர்.
சேற்றில் ஒரு பொத்தான்,
எலும்பில் செய்தது, நாலு துளை.
எடுக்க இறங்கிவிட்டேன்.
மேலே வர
ஏணி கேட்டுக் கத்த வேண்டியிருந்தது.