நின்ற இடத்திலிருந்து

மூவாயிரத்து எழுநூறு வெள்ளிக்கு
பகாவ் ஆ லியோங் பட்டறையில் எடுத்த பழைய வீரா.
"கண்ணாடி ஏறாது, கதவு கத்தும், இன்ஜின் தங்கம்" என்றான்.
உள்ளே ஒரு சிடி சிக்கியிருப்பதைச் சொல்லவில்லை.
வெளியே தள்ளும் பொத்தான் குழிக்குள் விழுந்துவிட்டது.
சத்தத்தைக் கூட்டலாம், குறைக்கலாம்,
அவ்வளவுதான் எனக்கிருந்த அதிகாரம்.

ஏதோ மேடை. ஏதோ ஊர்.
எடுத்தவுடன் கைதட்டல்.
என்னைத்தான் வரவேற்கிறார்கள் போல என்று
முதல் வாரம் கொஞ்சம் கூச்சமாகக்கூட இருந்தது.

ஆலைக் கேண்டீனில் வாயால் வாசித்துக் காட்டினேன்.
"அது ஜாம் பேண்ட், காக்" என்றான் ஆய்வுக்கூடத்து ஹஃபிஸ்.
எழுதி வைக்காமல் வாசிப்பார்களாம்,
ஒரு பாட்டுக்கு அரை ஜாம் ஆகுமாம்.
அவன் மொழியில் ஜாம் என்றால் மணி நேரம்.
ரொட்டியில் தடவுவதுதானே என்றாள் திலகேஸ்வரி.
ராத்திரி ஷிப்டுக்காரி எனக்கு
ஜாமம் என்றுதான் காதில் விழுந்தது.

வீட்டிலிருந்து ஆலைக்குப் பதினாலு நிமிடம்.
மூன்றாவது பாட்டு முப்பத்தொரு நிமிடம்.
சாவியைத் திருப்பினால் பாதிச் சொல்லில் நிற்கும்.
காலையில் மறுபடி திருப்பினால்
நின்ற இடத்திலிருந்து, ஒரு மூச்சுக்கூட வாங்காமல்.
இடையில் நான் எடை போட்டு அனுப்பிய
முன்னூறு டன் செம்பனையைப் பற்றி
அவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

அதனால் துண்டு துண்டாகத்தான் எனக்குப் பழக்கம்.
டிரம்ஸ்காரன் தனியாக எதையோ தட்டித் தேடும் இடம்
ஒருநாள் தண்டவாளத்தின்மேல்,
ஒருநாள் மீன் லோரிக்குப் பின்னால்.
ஒரு பெண் சிரிப்பாள். கூட்டத்தில் மைக்கை ஒட்டி நின்றவளாக இருக்கும்.
பைத்தியம், என்று சொல்லிக்கொண்டே
பெட்ரோல் அடிக்க இறங்குவேன்.

மார்ச்சில், வேலை முடிந்து திரும்புகையில்,
ரொம்பின் வளைவில் சன்னாசியின் லோரி சாய்ந்தது.
அவனுக்கு முழங்கையில் சிராய்ப்பு. சாலை முழுக்கக் குலை.
அந்தப் பக்கம் பள்ளிப் பேருந்து, இந்தப் பக்கம் நான்.
இதுவும் ஜாம்தான்,
இதற்கு யாரும் அர்த்தம் சொல்லத் தேவையிருக்கவில்லை.
மூன்றாவது பாட்டு அப்போதுதான் தொடங்கியது.

சன்னாசி வந்து முன்சீட்டில் உட்கார்ந்தான்.
கிட்டார் ஒரு மெட்டைப் போட்டது, சின்னது,
குழாயடியில் வாளி வைத்து இடம் பிடிப்பது போல.
வைத்துவிட்டுக் கிளம்பிப் போய்விட்டது.
பேஸ் பின்னால் போனது. கீபோர்டு தயங்கி, பிறகு அதுவும்.
பத்து நிமிடத்தில் எவனுக்கும் வாளி ஞாபகம் இல்லை.
"தொலைஞ்சிட்டானுங்க" என்றான் சன்னாசி,
சிதறிய குலைகளைப் பார்த்தபடி.

இருபதாவது நிமிடம் எனக்கே பயமாகிவிட்டது.
கிட்டார் ஒரு தப்பான சுரத்தில் காலை வைத்து வழுக்கியது.
அதையே மறுபடி மிதித்தது. மறுபடி. மறுபடி,
அது தப்பில்லை என்று ஆகும் வரைக்கும்.
பிறகு, எந்தச் சந்து வழியாகவோ,
அந்தச் சின்ன மெட்டு,
வாளி வைத்த இடத்தில் அப்படியே.

அப்போது அவள் சிரித்தாள்.
ஓ, இதற்கா.
நானும் சிரித்துவிட்டேன். சன்னாசி திரும்பிப் பார்த்தான்;
அவன் விரல்கள், ரத்தம் காய்ந்து, டேஷ்போர்டில் தட்டிக்கொண்டிருந்தன.
பின்னால் ஹாரன்கள். போலீஸ்காரர் கையை ஆட்டினார்.
"ஒரு நிமிசம்" என்று
இருவருமே கத்தினோம், ஏறாத கண்ணாடி வழியே.

மே மாதம் பிளேயர் செத்தது.
ஆ லியோங் இடுக்கி விட்டு இழுத்தான், இருபது வெள்ளி.
கீறல் விழுந்த வட்டு. பெயர் இல்லை, படம் இல்லை.
மார்க்கர் பேனாவில் ஓர் எண் மட்டும்: 2.

ஆக, அந்தக் கைதட்டல் எனக்கில்லை.
நான் கேட்காத ஏதோ ஒன்று
அப்போதுதான் முடிந்திருக்கிறது.
அவ்வளவு நேரம் தட்டுகிறார்கள்.